பெட்டியில் எடுத்த வசனம்

நவம்பர் 2006, வெள்ளி இரவு

இன்று எங்கள் கம்பெனியில் துணி தைக்கும் கலாவின் விரலில் மெஷின் ஊசி இறங்கிவிட்டது. முனை உள்ளேயே முறிந்து நின்றதால் ஆஸ்பத்திரியில் விரலைக் கீறித்தான் எடுத்தார்கள்.

காலையிலேயே அவள் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். "அக்கா, காய்ச்சலுங்க. தலை சுத்துதுங்க. ஊட்டுக்குப் போகட்டுங்களா?" நாளைக்குச் சரக்கு ஏற்ற வேண்டும். தையல் லைனில் ஏற்கெனவே ஆள் குறைவு. சூப்பர்வைசர் என்பதால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

எதையும் கர்த்தரிடம் கேட்காமல் நான் செய்வதில்லை. பையிலிருந்த, பைபிள் வசன அட்டைகள் அடுக்கிய வாக்குத்தத்தப் பெட்டியைத் திறந்து, கண்ணை மூடி ஒரு அட்டையை எடுத்தேன். களைத்தவர்களுக்குப் பெலன் கிடைக்கும் என்று வந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. "கர்த்தர் பெலன் தருவாரு பிள்ளை, போய் உக்காரு" என்றேன். மெஷினுக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மத்தியானம் அலறினாள்.

ஆஸ்பத்திரியில் அவள் அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "நீங்க சாமி கும்பிடறவங்க, நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க" என்றுவிட்டார்.

இப்போதும் கை அந்தப் பெட்டிக்குத்தான் போகிறது. எடுத்தால் ஆறுதலாகத்தான் ஏதாவது வரும். அதில் திட்டுகிற அட்டையே கிடையாது.

ஞானம் தாரும் என்று தினமும் முழங்கால் போட்டுக் கேட்கிறேன். அந்தப் பிள்ளை கையெட்டும் தூரத்தில்தான் நின்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்க எனக்கு என்ன ஞானம் வேண்டியிருந்தது?