ஃபேனுக்குக் கீழே காய்ந்த புகையிலை

என்னங்க,

ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்ததும் சாப்பிட்டுருங்க, மீன் கறி அடுப்பு மேல இருக்கு. நான் கிள்ளான்ல உம்மாவைப் பார்த்துட்டு சாயங்காலம் வந்துருவேன்.

நேத்து ஹாசிம் மச்சான் திடீர்னு வந்து வற்புறுத்தினதாலதான் ஒரே ஒரு பைப் பிடிச்சேன்னு சொன்னீங்க. நானும் தலையாட்டிட்டேன். ஆனா அந்தப் புகையிலை டின்னுல தகடு தகடா, ஈரமா ஒட்டிக்கிட்டுல்ல இருக்கும்? கையால உதிர்த்து, பேப்பர்ல பரப்பி, நல்லாக் காய வச்சாத்தானே பத்தும்? மச்சான் பெல் அடிச்சப்பவே அது ஃபேனுக்குக் கீழ காய்ஞ்சு கிடந்துச்சு லா. யாருக்காக?

நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு இன்னும் மூணு மாசம்கூட ஆகலை.

ஹுமைரா

மத்தியான மாத்திரை தண்ணி ஜக் பக்கத்துல இருக்கு, மறந்துராதீங்க.

இன்னொண்ணு. டின் நீங்க ஒளிச்சு வச்ச இடத்துலயே, டிவிக்குப் பின்னாடி இருக்கு, நான் தொடலை. பைப்புதான் என்கூடக் கிள்ளானுக்கு வருது.