முந்தானைக்குள் இருமியவருக்கு

பெரியம்மா,

இன்று காலை பள்ளிக்கூடப் பிரேயரில் முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து, "ஏன்டி, உன் முடியில புகை வாசம் அடிக்குது?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் பின்னலை அவிழ்த்து மோந்து பார்த்தேன். அது உங்கள் வாசம். உங்கள் மடியில் படுக்கும்போது வரும் அதே வாசம்.

பெரியப்பா தூங்கிய பிறகு, அடுப்படி விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு இட்லிக் கடைக்கு அடுப்பு மூட்டுவது நான்தான். மழை பிடித்ததிலிருந்து விறகு ஈரம். அடுப்பை ஊதி ஊதி, இப்போது மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது. என்னை இங்கே படிக்க விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போன அம்மாவிடம் போன் போட்டுச் சொன்னேன். "வெளிய சொல்லிராத. இழுப்புக்காரின்னு பேர் வந்துட்டா நாளைக்கு உன்னை யாரு கேட்டு வருவா?" என்றாள். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது.

பெரியப்பா இருமினால் தெருவுக்கே தெரியும். வாசலில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார். எதிர்வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்து போடுவார். நீங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவீர்கள், தோள் மட்டும் குலுங்கும். கடையில் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பீர்கள்.

ஒருநாள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இருமல் வந்தது. "ஏ புள்ள, பீடி குடிக்கிறது நானு. இருமல மட்டும் நீ எதுக்குக் குடிக்கிற?" என்று பெரியப்பா சிரித்தார். "சொத்துலதான் பங்கு இல்ல. இதுலயாவது இருக்கட்டும்" என்றீர்கள். கடையே சிரித்தது. நானும் இட்லித் தட்டோடு நின்று சிரித்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அவரோடு நீங்கள்தான் போவீர்கள். ஒருமுறை லீவில் நானும் வந்தேன். மாடிப்படியில் அவரைத் தாங்கிக்கொண்டு ஏறினீர்கள். மேலே போனதும் அவரைவிட உங்களுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது. டாக்டர் அவரிடம் பீடியைப் பற்றிக் கேட்டார், மூச்சை அளக்கும் குழாயில் ஊதச் சொன்னார், இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். நீங்கள் தயங்கித் தயங்கி, "எனக்கும் செத்த நேரம் நடந்தா எளைக்குதுங்க சார்" என்றீர்கள். அவர் உங்கள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மிம்மா" என்று சத்து மாத்திரை கொடுத்தார். உங்களை ஊதச் சொல்லவே இல்லை.

பெரியப்பா தீர்ந்துபோச்சென்று வீசும் இன்ஹேலரை நீங்கள் எடுத்து வைத்துக்கொள்வீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வாயில் வைத்து அழுத்துவீர்கள். நான் பார்த்துவிட்டபோது, "யார்ட்டயும் சொல்லாத ஆத்தா. பொம்பள வாயில இதப் பாத்தா பீடி குடிச்சவன்னு பேசுவாங்க" என்றீர்கள். "அது காலி பெரியம்மா" என்றேன். "சத்தம் வருதுல்ல? கொஞ்சம் மருந்து இருக்கும்" என்றீர்கள். வந்தது வெறும் காற்று. மருந்துள்ளது வீட்டுக்குள் பெரியப்பாவின் தலையணையடியில்தான் இருந்தது. அதைக் கேட்டிருந்தால் அவர் தரமாட்டேன் என்று சொல்லியிருப்பாரா? உங்களுக்குக் கேட்க வரவில்லை. அவருக்குத் தோன்றவில்லை.

நீங்கள் அடுப்படியில் சரிந்த அன்று ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா, எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "நுரையீரல் ரொம்பக் கெட்டிருக்கு. இவங்க பீடி குடிப்பாங்களா?" என்று கேட்டார். பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். "எம் பொண்டாட்டி அப்படிப்பட்டவ இல்ல" என்று கத்தினார். அந்தம்மா கோபப்படவில்லை. "தப்பா கேக்கலங்கய்யா. வெறகடுப்பா?" என்றார். பெரியப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருசத்தில் உங்கள் மூச்சைப் பற்றி ஒருவர் சரியாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அப்போது உங்களுக்குக் காது கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் சாம்பாருக்குத் தாளிக்கும்போது எனக்கு இருமல் வந்தது. என்னை அறியாமலே துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன். பெரியப்பா கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக உள்ளே வந்து துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். "நல்லா இருமு" என்றார். செத்த நேரம் கழித்து, "நாளைக்குக் கடை கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வா, உன்னைய ஊதச் சொல்லுவோம்" என்றார். அம்மா சொன்னதைச் சொன்னேன். "உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். கேஸ் அடுப்புக்கும் சொல்லிட்டேன். கட்டுப்படியாகலன்னா கடைய மூடிருவோம்" என்றார்.

போகத்தான் போகிறேன் பெரியம்மா. ஊதும்போது என்ன வருமோ என்று பயம். நோய் என்று வந்தால் அம்மா படிப்பை நிறுத்திவிடுவாளோ என்றும் பயம். ஆனால் அழுகை வருவது அதற்காக இல்லை. பெரியப்பாவுக்கு இவ்வளவும் செய்யத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் கடையை மூட, ஒரு வார்த்தை கேட்க, கூட வர, எல்லாம். இன்றைக்குச் செய்கிறார். எனக்குச் செய்கிறார்.