அழுத்தச் சொன்னது யார்?

26 அக்டோபர், வியாழன்

நான் படிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டதாகக் கொழுந்தனார் சபேசன் குடவாசல் ஊர் வரை சொல்லியிருக்கிறார். பொய். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை எங்கள் வீட்டுக் கணினியில் போட அவர்தான் ஆசைகாட்டினார். ‘இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும்’ என்று திரையில் வந்த எச்சரிக்கையை இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன்.

“அதெல்லாம் சும்மா போடுவாங்க அண்ணி. அழுத்துங்க, ஃப்ரீதானே!”

அழுத்தினேன். எந்த வயலுக்கு எப்போது வாய்க்கால் தண்ணீர் என்று என் கணவர் எட்டு வருஷம் தட்டி வைத்த குறிப்புகள் போய்விட்டன. புதுத் திரை பளபளக்கிறது. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. அதைவிட அருவருப்பு, தெரிந்தும் அழுத்திய என் விரல்.

கேட்டால், “நகல் எடுத்த ஞாபகம் இருக்கு அண்ணி” என்று இழுக்கிறார். அவர் ஞாபகம் எனக்கு வேண்டாம். காலையில் கொடுத்தனுப்பச் சீட்டு எழுதிவிட்டேன்: ‘சபேசன், நகல் எடுத்தீர்களா, இல்லையா? எழுத்தில் பதில் தரவும்.’