மார்ச் மாதத்துப் பலகை

பெகுன்யே,
நவம்பர் 18

அன்புள்ள பிரினாவுக்கு,

பெர்த்தில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்ற நினைப்போடு எழுதுகிறேன், இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், தேனீக்களும் சுகம், பெட்டிகளைக் குளிருக்குப் போர்த்தியாயிற்று. மார்ட்டின் திருநாளுக்கு வாத்து வறுத்தேன், நீ இல்லாததால் இரண்டு காலையும் அப்பாவே தின்றுவிட்டு மறுநாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இனி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தேனீ வளர்ப்போர் சங்கத்து நாட்காட்டிக்குப் பத்தொன்பது வருடமாகப் படம் கொடுப்பவள் நான் என்பது உனக்குத் தெரியும், பழைய புத்தகத்திலிருந்து எடுப்பதால் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், யாரும் குறை சொன்னதில்லை. இந்த வருடக் கூட்டத்தில் பக்கத்து வீட்டு யெரிட்சா பன்னிரண்டு படங்களை மேசையில் பரப்பினாள், எல்லாம் அந்தக் காலத்தில் தேனீப் பெட்டிகளின் முகப்புப் பலகையில் தீட்டிய ஓவியங்கள், தூரிகை மயிர் பதிந்த கோடுகூடத் தெரிகிறது. "காசும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம், வரைஞ்சவங்க செத்து நூறு வருஷம் ஆச்சு, மியூசியமே இணையத்துல போட்டு எடுத்துக்கோங்கன்னு சொல்லுது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் பொண்ணுதான்டி விதா சொல்லிக் கொடுத்தா, போன்ல முக்கால் மணி நேரம், என்ன பொறுமைங்கிற!" என்றாள். முக்கால் மணி நேரம்! என்னோடு பேசும்போது மட்டும் உனக்கு ஐந்தாவது நிமிடத்தில் பேருந்து வந்துவிடுகிறது.

அந்தச் சனிக்கிழமையே நகர நூலகத்தில் இணையத்தில் படம் தேடி எடுக்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்தேன், என்னோடு படிப்பவர்கள் நான்கு பேர், எல்லாரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். முதல் வரிசையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் குறித்துக்கொண்டேன், படத்தின் அடியில் இருக்கும் உரிமைக் குறிப்பைப் படிக்க வேண்டும், வரைந்தவர் இறந்து எழுபது வருடம் ஆகியிருக்க வேண்டும், பார்வைக்குப் பழையதாக இருந்தால் போதாது. வீட்டுக்கு வந்து யெரிட்சாவின் படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன், நல்ல எண்ணத்தில் அல்ல. மார்ச் மாதத்துக்கு வேட்டைக்காரனை விலங்குகள் பாடை கட்டித் தூக்கிப்போகும் பலகை, அதில் தேனீ நுழையும் வாயருகே சாயம் துளியும் தேயவில்லை. எத்தனையோ கோடை தேனீக்கள் கால் வைத்து இறங்கிய பலகை அப்படியா இருக்கும்? தேடினேன், சுற்றுலாக்காரர்களுக்கு நகல் விற்கும் ஒரு கடையின் இணையப் பக்கத்தில் இருந்தது, வரைந்தவர் இறந்தது 1994-இல்தான்.

நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை பிரினா. அச்சாகட்டும், ஓவியர் வீட்டார் சங்கத்துக்கு வக்கீல் கடிதம் அனுப்பட்டும், எல்லார் முன்னாலும் அவள் தலைகுனியட்டும் என்று இருந்தேன், உன் அம்மா இப்படியும் நினைப்பாள். அப்பாதான், "என்ன விதா, நாலு நாளா பாட்டு பாடிக்கிட்டே பாத்திரம் கழுவுற, யார் குடி கெடப் போவுது?" என்று கேட்டார். அதற்கு மேல் பாட முடியவில்லை.

அச்சகத்துக்குக் கொடுக்கும் நாள் காலையில் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது, "மியூசியத்துலேருந்து மட்டும் எடுங்கன்னு பிரினா படிச்சுப் படிச்சு சொன்னாளே, ஒண்ணு குறைஞ்சுதுன்னு கண்டதுல கைய வெச்சுட்டேன், அவகிட்ட மட்டும் சொல்லிடாதடீ" என்றாள். சரியென்று தலையாட்டியிருக்கிறேன், அதனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அந்த இடத்துக்கு நான் அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் தேடி எடுத்து வைத்திருந்த படத்தைக் கொடுத்தேன், பொல்லாத பெண்ணின் நாக்கைப் பிசாசுகள் சாணைக்கல்லில் தீட்டும் படம். "இது நீயா நானா?" என்று கேட்டாள். "நாலு நாளா நான்தான்" என்றேன், இருவரும் சிரித்துவிட்டோம்.

இப்போதும் பொறாமை போய்விடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். வரும் சனிக்கிழமை பெரிய படத்தின் ஓரத்தை வெட்டி அளவு சரிசெய்யச் சொல்லித்தரப் போகிறார்கள், அந்த வகுப்புக்கு மட்டும் நான் போகப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, உனக்கு மாலை ஐந்து இருக்கும், கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன், நீ கூப்பிட்டுச் சொல்லிக்கொடு. நான் மெதுவாகத்தான் புரிந்துகொள்வேன்.

வெயிலில் தொப்பியில்லாமல் போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு.

உன்னை நினைத்தபடி,
அம்மா விதா