முன்னறைக் கதிரை

ஞாயிறு. கட்டுகஸ்தோட்டை அறை.

இன்று காலை மடுல்கெல்ல பஸ்ஸில் ஒரு சரித்திர முடிவை எடுத்தேன். பெரியம்மா வீட்டில் வழக்கம்போல அடுப்படிப் பலகையில் உட்காராமல், முன்னறைக் கதிரையில் உட்காருவது.

புதிதாக முதுகலை ஆய்வில் சேர்ந்தவர்களுக்கான பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: உறவினரையும் மற்றவர்களைப் போலவே பேட்டி காண வேண்டும், சம்மதப் படிவத்தை முழுவதும் வாசித்துக்காட்ட வேண்டும். நான் நல்ல மாணவன்.

கதிரைக்கு எதிரே கண்ணாடி அலுமாரி. அதில் ஒரு பூப்போட்ட கோப்பையும் சாசரும் இருக்கும். தேயிலைத் தோட்டத்து அதிகாரிகளான ஐயாமார் வந்தால் மட்டும் பெரியம்மா அதை வெளியே எடுப்பார்.

அம்மா இறந்தபின் என்னை வளர்த்த பெரியம்மாவுக்குப் படிவத்தை இரண்டு பக்கம் வாசித்தேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி நின்றே கேட்டார். 'தகவல் தருபவர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்றதும் நிறுத்தினார்.

"யாருப்பா அது, தகவல் தர்றவரு?"

"நீங்கதான் பெரியம்மா."

"அப்ப நீ யாரு?"

"ஆய்வாளர்."

"அடேயப்பா! தோட்டத்து வேலைக்குப் பேரு பதியுறப்பகூட இவ்வளவு வாசிக்கலையே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு முழுப்பெயரையும் மெதுவாக எழுதிக் கையெழுத்திட்டார்.

கொழுந்து பறிக்கப் போன முதல் நாளைப் பற்றிக் கேட்டேன். ஒழுங்காகச் சொன்னார். மூன்றாவது கேள்வியில் "எழுதிக்கிட்டீங்களா?" என்றார். முன்பு ஒருநாளும் என்னை 'நீங்க' என்று அழைத்ததில்லை. பயிற்சியில் இதற்குக் குறிப்பு ஏதும் தரவில்லை.

பேட்டி முடிந்ததும் தேநீர் கொண்டுவந்தார். பூப்போட்ட கோப்பையில், சாசரோடு.