நடுத்தளத்தில் ஐவி

செப்டம்பர் 2, 1956. ஞாயிறு

கால் வீக்கம் வடியவில்லை. உப்பு போட்ட வெந்நீரில் பாதங்களை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று மட்டும் பதினான்கு ஜோடிகளைத் தளத்தை விட்டு வெளியே அனுப்பினேன். வால் கோட்டும் வெள்ளைக் கையுறையும் மாட்டிக்கொண்டு நடன அரங்கில் ஆட்டங்களை அறிவிப்பது, ஒழுங்கு பார்ப்பது. இதுதான் என் உத்தியோகம். வாசலில் பலகை இருக்கிறது: ‘இங்கே ஜைவ் ஆடக் கூடாது.’ பத்து வருடம் முன்பு நானே எழுதி மாட்டியது. யார் படிக்கிறார்கள்? பெண்ணைக் கையைப் பிடித்து வீசுகிறான், திரும்ப இழுக்கிறான், பக்கத்து ஜோடியின் முழங்காலில் உதை விழுகிறது. நான் போய்த் தோளில் இரண்டு விரலால் தட்டுவேன். போவார்கள். மூன்று பாட்டு கழித்து மறுபடி அதே ஆட்டம்.

ஒருவன் நேற்றுக் கேட்டான்: “நாங்க ஆடினா உங்களுக்கு எங்க சார் வலிக்குது?”

வலிக்கத்தான் செய்கிறது. பெருவிரலில்.

செப்டம்பர் 9

மழை. பாதி அரங்கு காலி. இளவட்டம் முழுக்கக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஸ்டார் அரங்குக்குப் போய்விட்டதாம்.

செப்டம்பர் 16

மேலாளர் கிளெக் கூப்பிட்டனுப்பினார். ஸ்டார்காரன் ஜைவை அனுமதிக்கிறான், அதற்கு ராக் அண்ட் ரோல் என்று புதுப்பெயர் வைத்து ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருக்கிறான். அவனோடு மல்லுக்கட்ட வேண்டுமென்றால் நாமும் இறங்கியாக வேண்டும் என்கிறார். அக்டோபர் 31 முதல் புதன்தோறும் ஜைவ் மாலை. அதில் முதல் ஆட்டத்தை நானும் ஐவியும் ஆடிக் காட்ட வேண்டுமாம்.

“நீங்களும் வீட்டம்மாவும் ஆடினா, பெரியவங்களுக்கும் பயம் தெளிஞ்சிடும் நார்மன்” என்றார். நடன ஆசிரியர் சங்கம் போட்ட புத்தகம் ஒன்றையும் கையில் திணித்தார். பக்கத்துக்குப் பக்கம் கால் தடம் வரைந்து, ஒன்று இரண்டு என்று எண் போட்டிருக்கிறது.

ஐவியிடம் சொல்லவில்லை. புத்தகத்தைக் காலணி அலமாரிக்குள் வைத்தேன். ஆட்டத்தையே தொழிலாக வைத்திருப்பவன் நடனப் புத்தகத்தை ஒளித்து வைக்கிறேன் — என்ன மனுஷன் நான்?

செப்டம்பர் 19. புதன்

எழுதித் தொலைக்கிறேன். எழுதினாலாவது கொஞ்சம் இறங்குமா பார்க்கலாம்.

1943-இல் நான் போரில் பிடிபட்டு எதிரியின் கைதி முகாமில் கிடந்தேன். அப்போது எங்கள் ஊர் எல்லையில், போருக்காகக் கடல் தாண்டி வந்த அமெரிக்க லாரிப் படை ஒன்று தங்கியிருந்தது. அத்தனை பேரும் கறுப்புச் சிப்பாய்கள். அவர்களை அரங்குக்குள் விடக் கூடாது என்று அவர்கள் நாட்டு இராணுவப் போலீஸே வந்து சொன்னதாம். எங்கள் ஊர் நெசவு மில் பெண்களுக்குச் சொல்ல வேண்டுமா? மறுநாள் ஆளுக்கொரு சிப்பாயின் கையைக் கோத்துக்கொண்டு வாசல் வழியாகவே நுழைந்தார்கள். ஐவியும் அதில் ஒருத்தி. அவளோடு வந்த லாரி ஓட்டி அவளுக்கு ஜிட்டர்பக் கற்றுக்கொடுத்தான். ஸ்விங் என்பதும் அதுதான், இன்றைக்கு ஜைவ் என்பதும் அதன் குட்டிதான்.

எதையும் மறைக்கவில்லை அவள். முகாமுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் இருந்தது. இந்த ஆட்டம் நியூயார்க்கில், ஹார்லெமில், தன் தெருவில்தான் பிறந்தது என்று அவன் அக்கா சொல்வாளாம். அடுத்த தெருக்காரியைக் கேட்டால் தன் தெரு என்பாளாம். இதனாலேயே இரண்டு தெருவுக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை கிடையாதாம். நான் சிரிப்பேன் என்றுதான் எழுதியிருப்பாள். பசியில் கிடந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர் திரும்பிய முதல் வாரமே சமையலறை மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கை நீட்டினாள். “வா நார்மன், கத்துக்கோ. சிரிச்சு சிரிச்சே வயிறு புண்ணாயிடும்” என்றாள். நான் கையை உதறிக்கொண்டேன்.

“அவன் கைபட்டது எனக்கு வேண்டாம்” என்றேன்.

ஆட்டத்தைச் சொன்னேனா, அவளையே சொன்னேனா? அவள் கேட்கவில்லை. மேஜையை இருந்த இடத்துக்கே இழுத்துப் போட்டாள். அடுத்த வசந்தத்தில் பலகை எழுதினேன். ஒழுங்குக்காக என்று ஊருக்குச் சொன்னேன். பச்சைப் பொய். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உறுத்தியது. அவன் கறுப்பன் என்பதும் சேர்ந்துதான் உறுத்தியது. என் நோட்டில் நானே எதற்கு மழுப்ப வேண்டும்?

செப்டம்பர் 25

மாட்டிக்கொண்டேன். பாலிஷ் டப்பா தேடப் போனவள் கையில் புத்தகம் அகப்பட்டுவிட்டது. மேஜையில் உட்கார்ந்து நிதானமாகப் புரட்டினாள். ஆட்டத்தின் பூர்வீகம் பற்றி அதில் மொத்தமே ஒரு வரி — அமெரிக்காவிலிருந்து வந்த கட்டுப்பாடற்ற ஆட்டத்தை நம் ஆசிரியர்கள் சீர்படுத்தினார்கள் என்று.

“கால் தடமெல்லாம் இருக்கு. ஆளைத்தான் காணோம்” என்றாள்.

கிளெக் சொன்னதைச் சொன்னேன். யாரோடு ஆடப் போகிறாய் என்று கேட்டாள். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றேன்.

முடிவு பண்ணவில்லையாம்! இருபது வருஷமா சேர்ந்து ஆடுற பொண்டாட்டிகிட்ட சொல்ற பதிலாடா இது?

செப்டம்பர் 30. ஞாயிறு

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

வழக்கம்போல நானும் ஐவியும் முதல் வால்ட்ஸ் ஆடித் தொடங்கி வைத்தோம். அதன்பின் அவள் மாடத்தில் போய்த் தேநீரோடு உட்கார்ந்துவிடுவாள். நேற்று உட்காரவில்லை. ஒன்பது மணி வாக்கில் தோள்தட்டு ஆட்டம் அறிவித்தேன். இந்த ஆட்டத்தில் மட்டும் யார் வேண்டுமானாலும் வந்து தோளைத் தட்டி ஜோடியை வாங்கிக்கொள்ளலாம். தட்டுப்பட்டவர் முகம் கோணாமல் விலகிக்கொள்ள வேண்டும். தட்டியவர் ஆடியே ஆக வேண்டும்.

நடுத்தளத்தில் சிரிப்பும் கைதட்டலும். யாரோ ஜைவ் ஆடுகிறார்கள். கூட்டத்தை விலக்கிப் போய், முதுகு காட்டி நின்ற ஆளின் தோளில் பழக்க தோஷத்தில் தட்டினேன். திரும்பியது கோனி ஆஸ்பினால். மில்லில் ஐவிக்கு அடுத்த தறிக்காரி. அவள் எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு என் ஐவி. கன்னமெல்லாம் சிவந்து, பதினோரு வருடமாக நான் பார்க்காத முகத்தோடு.

நான் தட்டியது வெளியே போ என்பதற்கு. ஆனால் நடப்பது தோள்தட்டு ஆட்டம். கோனி சட்டென்று ஒதுங்கி, “எடுத்துக்கோங்க மிஸ்டர் ஹோல்டன்” என்றாள். அரங்கே பார்க்கிறது. வாத்தியக் குழுவும் நிறுத்தாமல் வாசிக்கிறது.

ஐவி உதட்டை மட்டும் அசைத்தாள். தறிச் சத்தத்தில் மில் பெண்கள் பேசிக்கொள்வது அப்படித்தான். என் அம்மாவும் நெசவுக்காரி. சின்ன வயதில் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சத்தமில்லாமல் என்னைத் திட்டித் தீர்ப்பாள். ஐவி சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாகப் புரிந்தது.

“ஆடு.”

“ரெண்டு பேரும் தளத்தை விட்டு வெளியே போங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

வருகிற ஒவ்வொரு பையனுக்கும் நான் சொல்லும் முதல் பாடம், எது நடந்தாலும் பெண்ணை நடுத்தளத்தில் தனியாக விட்டு வராதே என்பது. குடித்துவிட்டு வருகிறவன்கூட அதைச் செய்வதில்லை. நான் செய்தேன். அவள் அந்தப் பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றாள்.

அக்டோபர் 3

பேச்சு இல்லை. தேநீர் மட்டும் வருகிறது.

அக்டோபர் 7

முதல் வால்ட்ஸ் இல்லை. இந்தப் பத்து வருடத்தில் முதல் தடவை. ஐவிக்குச் சளி என்று கிளெக் மேடையேறிச் சொன்னார். ஊரில் பாதிப் பேர் அவளை அன்று காலை மீன் கடையில் பார்த்தவர்கள்.

அக்டோபர் 16. செவ்வாய்

காலையில் பூட்டிய அரங்கில் தனியாகப் பயிற்சி. தரையில் புத்தகம், கையில் நாற்காலி. ஒன்று, இரண்டு, மூன்று-மூன்று... முதுகை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, குதிகாலை முதலில் வைத்து — எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அது ஃபாக்ஸ்ட்ராட், பழைய நிதான ஆட்டம். நாற்காலிக்கே சிரிப்பு வந்திருக்கும்.

மில் விடும் நேரம் பார்த்து வாசலில் நின்று கோனியிடம் கேட்டேன். முதல் ஆட்டத்துக்கு நீ வருகிறாயா என்று.

“இது ஏதோ போன வருஷம் புதுசா வந்த ஆட்டம்னு நினைச்சிட்டு இருந்தேன்” என்றாள். “அக்கா காலைப் பார்த்த அப்புறம்தான் தெரிஞ்சது, ஸ்டார் பசங்க ஆடுறதெல்லாம் எச்சில்னு. அந்த அக்காவை நடுவுல நிக்க வச்சிட்டுப் போனீங்க. உங்ககூட நான் வரமாட்டேன் மிஸ்டர் ஹோல்டன்.”

தொப்பியைத் தூக்கிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

அக்டோபர் 21

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்தே சொன்னேன்.

“அன்னைக்கு நான் செஞ்சது தப்பு ஐவி.”

கத்தி நின்றது. திரும்பவில்லை.

“என்னைக்கு?” என்றாள்.

தரையில் விழுந்த தோலைக் குனிந்து பொறுக்கினேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அக்டோபர் 22

எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பதினோரு வருஷமா மேஜை அதே இடத்துலதான் இருக்கு.

அக்டோபர் 29

பலகையைக் கழற்றிவிட்டேன். கிளெக் சொல்வதற்கு முன் நானே. நாலு திருகாணி, அதில் ஒன்று துருப்பிடித்து வர மறுத்தது. ஆடிக் காட்ட ஜோடி கிடைக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து ஊர் போல்ட்டனில் என் வேலைக்கு ஒரு ஆள் இருக்கிறானாம், இந்தப் புதன் எப்படிப் போகிறதென்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். சரி என்றேன். நாற்பத்தெட்டு வயதில் கெஞ்சுவதற்குத் தெம்பில்லை.

நவம்பர் 1. வியாழன்

நேற்றைய கதை.

அரங்கு நிரம்பி வழிந்தது. ஸ்டார்காரப் பையன்களும் வந்திருந்தார்கள், எங்கள் தளத்தில் எங்களையே மிஞ்சிக் காட்டுவதற்கு. முதல் ஆட்டத்தை ஆடிக் காட்டாமல் வெறுமனே அறிவித்தேன். கிளெக் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஐவி கோனியோடு வந்து நடுத்தளத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் அருகே ஸ்டார் பையன்கள் ஒருவர்பின் ஒருவராக ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவள் காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மேடையேறி ஒலிபெருக்கியில் சொன்னேன்: “அடுத்தது, தோள்தட்டு ஜைவ்.” அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. வாத்தியக் குழுத் தலைவர் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பதுபோல் பார்த்தார். ஆனாலும் தொடங்கினார்.

கையுறைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கோனியின் தோளில் தட்டினேன். அவள் ஐவியைப் பார்த்தாள், பிறகு ஒதுங்கினாள்.

விதிப்படி ஐவி மறுக்க முடியாது. அதனால் நான் கை நீட்டவில்லை. அந்த வாத்திய இரைச்சலில், என் அம்மா செய்வதுபோல, உதட்டை மட்டும் அசைத்தேன்.

“அந்த ரெண்டு நாளும்.”

படித்துவிட்டாள். கண்ணில் தெரிந்தது. ஆனால் அசையவில்லை. எல்லோரும் சுற்றி ஆட, நான் நடுத்தளத்தில் தனியாக நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இது என்ன மாதிரி வலி என்று தெரிந்துகொள்ளப் போதுமான நேரம். போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை.

அப்புறம் அவள் கையை நீட்டினாள். 1945-இல் நீட்டிய அதே வலது கை.

என் ஆட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டு தடவை அவள் காலை மிதித்தேன், ஒரு தடவை எவனோ ஒரு பையன் மேல் போய் இடித்தேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணியிருக்கிறேன் போல. “எண்ணாதே, என் கையைப் பாரு” என்றாள். கோனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் ஐவியும். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

போல்ட்டன்காரனைப் பற்றிக் கிளெக் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை ஒரே தகரத் தொட்டியில் நாலு பாதம். அவள் சுண்டுவிரல் நான் மிதித்ததில் கன்றிப் போயிருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டேன்.

“அவன் பேர் என்ன ஐவி?”

நான் கேட்டது நிஜந்தானா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லூஷியஸ்” என்றாள்.

“நல்லா கத்துக்கொடுத்திருக்கான்” என்றேன்.

தண்ணீர் ஆறும்வரை அவனைப் பற்றிப் பேசினாள். நான் கெட்டிலில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் வைத்தேன்.