முனிரத்தினம் வீடு

ஸ்கெலட்டன், கே.ஜி.எஃப்.
12.1.2024

பூதிகோட்டை அனில் அண்ணனுக்கு,

நீ போனை எடுக்காததால் பேனாவை எடுத்த சித்தப்பா மகள் ஜெயம்மா எழுதுவது. நான் படித்தது மூன்றாவது வரைக்கும்தான். எழுத்தெல்லாம் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் மாதிரி தள்ளாடும், பொறுத்துக்கொள்.

நான் பங்காருப்பேட்டைக்குப் போயிருந்தபோது நீ ஒரு ஆளோடு வந்து என் வீட்டை டேப் வைத்து அளந்தாயாம். பக்கத்து வீட்டு பர்னபாஸ் சொன்னார். "இன்னாமா, உங்க அண்ணன் வாசப்படியில இருந்து கக்கூஸ் வரைக்கும் அளந்துக்கினு போறாரு, வூட்டுக்குச் சட்டை தைக்கப் போறாரா?" என்றார். தங்கை வரும்வரை இருந்து ஒரு டீ குடித்துவிட்டு அளந்தால் வீடு சுருங்கிவிடுமா?

அப்பா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. காலமெல்லாம் சுரங்கத்தில் இறங்கி ஏறி அவர் விட்டுப்போனது மைன்ஸ்காரர்கள் கொடுத்த இந்த லைன் வீடு ஒன்றுதான். நானும் என் மகள் ஷாலினியும் இதை விட்டால் எங்கே போவது? அவள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் தூக்கி வருகிற கையில் டேப் எதற்கு? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

குழம்பிப்போன தங்கை,
ஜெயம்மா


பூதிகோட்டை
20.1.2024

தங்கை ஜெயம்மாவுக்கு,

கிண்டல் வேண்டாம். வீடு யார் பேரில் இருக்கிறது? முனிரத்தினம் பேரில். முனிரத்தினம் யார்? எங்க அப்பா. உங்க அப்பா பேர் சம்பங்கி. பிறகு உனக்கு என்ன பேச்சு?

இன்னொரு தலைவலி. சித்தப்பா சாவை நீ அவர் மைன்ஸில் வைத்திருந்த பேரிலேயே பதிந்துவிட்டாய். பேரும் தகப்பன் பேரும் ஒன்றாக இருந்ததால் எங்க அப்பாவின் முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது. தாலுகா ஆபீசில் போய்க் கேட்டால் முனிரத்தினம் இறந்துவிட்டார் என்கிறார்கள். அப்பா அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து, "டேய், நான் இருக்கேனா, பூட்டேனா? இன்னா ஏதுன்னு சொல்லு" என்று என்னைப் பிடுங்குகிறார். உயிரோடு இருந்தால் வீடு அவருடையது. செத்திருந்தால் என்னுடையது. எப்படிப் பார்த்தாலும் உன்னுடையது இல்லை.

அனில்


ஸ்கெலட்டன்
28.1.2024

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் பால் பொங்கியதால் எழுந்துபோனேன்.

உனக்குத் தெரியாததா? மைன்ஸ் வேலை பெரியப்பாவுக்குத்தான் கிடைத்தது. முதல் நாள் சுரங்கத்தில் இறக்கும் கேஜ் கூண்டில் நிற்க வைத்துப் பூமிக்குள்ளே இறக்கியதும் அலறினாராம். மேலே வந்த வேகத்தில் பூதிகோட்டைக்கு ஓடியவர்தான். கிடைத்த வேலை போகக்கூடாது என்று மறுநாள் எங்க அப்பா அதே பேரைச் சொல்லி அதே கேஜில் இறங்கினார். மைன்ஸ் மூடும்வரை அவர்தான் முனிரத்தினம். சம்பங்கி என்று கூப்பிட்டது அம்மா மட்டும்தான்.

பள்ளிக்கூடத்திலும் நான் முனிரத்தினம் மகள். உன் கணக்குப்படி உங்க அப்பாவுக்கு நான் எப்போது பிறந்தேன்? பெரியம்மா காதில் விழாமல் கேட்டுச் சொல்.

ஆபீசில் விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாமே. பெரியப்பாவையே அழைத்துப் போ. நான் வரமாட்டேன், என் முகத்தைப் பார்த்துச் சொன்னதாக இருக்க வேண்டாம். அவர் வாயால் வீடு தன்னுடையது என்று சொன்னால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். இது கிண்டல் இல்லை.

ஜெயம்மா


பூதிகோட்டை
7.2.2024

ஜெயம்மா,

நேற்று ஆபீசுக்குப் போனோம். பேர் என்ன என்று கேட்டார்கள். அப்பா எழுந்து நின்று, "சம்பங்கி" என்றார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டு, "முனிரத்தினம் எங்கூடப் பொறந்தவன். மைன்ஸ்ல இருந்தான், செத்துட்டான். வூடு அவன் பொண்ணுது" என்று கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிட்டார்.

பஸ்ஸில் சண்டை போட்டேன். "பேரைக் கேஜ்லயே வுட்டுட்டு ஓடியாந்தேன்டா. எடுத்துக்கினு அவன் எறங்கினான். இப்ப இன்னாத்துக்குத் திருப்பிக் கேக்கறது?" என்கிறார்.

பென்ஷன் இனி வராது. முனிரத்தினம் என்று கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. வீட்டை நீயே வைத்துக்கொள்.

அனில்


ஸ்கெலட்டன்
15.2.2024

அண்ணா,

அப்பா சமாதிக்குக் கல் வெட்ட ஆள் வந்து நின்றார். பேர் என்ன என்றார். சம்பங்கி என்று வெட்டினால் அந்தப் பேரில் ஒருவர் பூதிகோட்டையில் கடலை தின்றுகொண்டிருக்கிறார். முனிரத்தினம் என்று வெட்டினாலும் அதே ஆள்தான் கடலை தின்கிறார். நான் என்ன செய்ய? பெரியப்பாவே வந்து சொல்லட்டும் என்று கல் வெட்டுகிறவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பெரியப்பாவையும் பெரியம்மாவையும் இங்கே கொண்டுவந்து விடு. அப்பா கட்டில் சும்மாதான் கிடக்கிறது. பேரைக் கொடுத்தவர் ஒரு நாளாவது முனிரத்தினம் வீட்டில் படுக்க வேண்டாமா? பர்னபாஸ் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். அது அவர் பாடு.

நீயும் வா. அந்த டேப்பை மறக்காமல் எடுத்து வா. ஷாலினி கல்யாணப் பந்தலுக்கு வாசலை அளக்க வேண்டும்.

டீ வைத்துக் காத்திருக்கும்,
ஜெயம்மா